சாயக் கொப்பரையும் தொழிலாளியின் தேகமும்

புதுவையின் நீலத்துணி ஒரு காலத்தில் ஆப்பிரிக்காவின் செனகல் கரைவரை சென்று விலைபோயிற்று. ஆகவே சாயத் தொழில் இவ்வூருக்குப் புதிதன்று. எனினும், கொப்பரையின் அனலுக்கும் வெளிக்காற்றுக்கும் இடையே நாள்தோறும் போய்வரும் தொழிலாளியின் தேகம் படும் பாட்டைக் கூட்டுறவாளர் யாவரும் அறிந்திருத்தல் நலம்.

உடலின் உள்வெப்பம் ஏறக்குறைய 37 டிகிரி சென்டிகிரேட். அனலருகே நிற்கையில் தோலின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன, வியர்வை சுரக்கிறது. அவ்வியர்வை ஆவியாய்ப் போனால்தான் உடல் குளிரும். கடலோரமாகிய புதுவையிலோ காற்றில் ஈரம் மிகுதி. பட்டறையின் நீராவி அதனை மேலும் பெருக்குகிறது. வியர்வை வழிகிறதேயன்றி உலர்வதில்லை. இதயத்தின் உழைப்பு மிகுகிறது.

இந்நிலையில் குனிந்தவர் சட்டென நிமிர்ந்தால், இரத்தம் கால்களில் தங்கி, மூளைக்குச் செல்வது குறைந்து, தலைசுற்றி விழ நேரும். கொதிக்கும் கொப்பரையருகே விழுவதன் ஆபத்தை விளக்க வேண்டுவதில்லை. வியர்த்த மேனியில் குளிர்நீரைத் திடீரென ஊற்றிக்கொண்டால், விரிந்த குழாய்கள் சுருங்கி, மூச்சுத் திணறி, இரத்த அழுத்தம் உயரும். இதய நோயுள்ளவருக்கு இது தீங்கு. நிழலில் சற்று அமர்ந்து ஆறியபின் குளிப்பதே முறை. ஆனால் மேனி கொதித்து, அறிவு தடுமாறிப் பிதற்றுபவருக்கு இவ்விதி பொருந்தாது. அவரை உடனே நீரால் நனைத்து, விசிறிக் குளிர்வித்து, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

தேகம் வெப்பத்திற்குப் பழகும். ஆயின் அதற்கு ஓரிரு வாரங்கள் வேண்டும். புதிதாய் வந்தவர் முதல்நாள் ஐந்திலொரு பங்கு நேரமே அனலருகே உழைத்து, நாள்தோறும் ஐந்திலொரு பங்காகக் கூட்டிச் செல்லலாம் என்பது தொழில்நல அறிஞர் வகுத்த அளவு. ஒரு வாரத்திற்கு மேல் விடுப்பிலிருந்து திரும்பியவரும் பழக்கத்தை ஓரளவு இழந்தே வருகிறார். வேலை நடுவே இருபது நிமிடத்திற்கு ஒருமுறை ஒரு குவளை நீர் பருகுதல் அவசியம்.

சொல்வது எளிது. கூலிப் பதிவேட்டைத் தணிக்கை செய்கையில் நாம் காண்பது சாயமேற்றிய சிட்டங்களின் எண்ணிக்கையே. இளைப்பாறிய நேரத்திற்கு அதில் பத்தி இல்லை. சிட்டத்திற்கு இவ்வளவு என்று கூலி பெறுபவர், அறிவுரையைக் கேட்டு அடுப்பை ஆறவிட மாட்டார். அண்டையிலுள்ள தமிழ்நாடு 2024ஆம் ஆண்டில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. நம் சங்கங்களும் கோடை தொடங்குமுன் பொதுக்குழுவைக் கூட்டி, இளைப்பாறும் நேரத்திற்கும் புதியவரின் முதல் வாரத்திற்கும் கூலி ஈடு செய்யத் தீர்மானிக்கலாம். சங்கத்திற்கு அது சிறு செலவு, அங்கத்தினருக்கோ உயிர்க்காப்பு.