உங்களுக்குத் தெரியுமா? பழைய நிலையை மறக்காத துகள்கள்

மயிலாப்பூர் மெஸ்ஸில் டபராவோடு வைத்த காபி, குடிக்காமல் விட்டால் அறையின் வெப்பத்துக்கே வந்துவிடும். முதலில் எவ்வளவு சூடாக இருந்தது என்பதற்கு அப்புறம் தடயமே இருக்காது. எண்ணற்ற துகள்கள் கூடிய எந்தப் பொருளும் இப்படித்தான் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது.

உள்ளே ஒழுங்கின்மை மிகுந்தால் கதை மாறுகிறது. தாறுமாறான அணு அமைப்பில் எலக்ட்ரான் அலை பரவாமல் ஓரிடத்திலேயே முடங்கிவிடும் என்று 1958இல் பிலிப் ஆண்டர்சன் சொன்னார். 1979இல், சென்னையில் பிறந்த டி.வி. ராமகிருஷ்ணனும் ஆண்டர்சனும் வேறு இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை இன்னும் துணிச்சலானது. ஒன்றையொன்று பாதிக்காத எலக்ட்ரான்களை ஒற்றைப் பரிமாணத்திலும் இரு பரிமாணத்திலும் முடக்க, சிறிதளவு ஒழுங்கின்மையே போதும் என்றது அது.

துகள்கள் ஒன்றையொன்று பாதித்தால்? அப்போதும் முடக்கம் நிலைக்கலாம் என்று 2006இல் பாஸ்கோ, அலெய்னர், ஆல்ட்ஷுலர் மூவரும் வாதிட்டார்கள். அதன் காரணம்தான் அழகு. வழக்கமான பொருளில் மாறாமல் இருப்பவை மொத்த ஆற்றல், மொத்தத் துகள் எண்ணிக்கை போன்ற சில அளவுகளே. முடங்கிய பொருளிலோ கிட்டத்தட்ட ஒவ்வோர் இடத்துக்கும் தனக்கென ஒரு மாறா அளவு உண்டு. பழைய நிலை அவற்றில் பதிந்துகிடக்கிறது.

2015இல் ஜெர்மனியின் மியூனிக்கில், லேசர் ஒளியால் அமைத்த குழிகளில் பொட்டாசியம் அணுக்களை ஒன்றுவிட்டு ஒன்றாக நிரப்பிப் பார்த்தார்கள். குழிகளின் ஆழம் சீரற்றதாக இருந்தபோது, நேரம் கடந்தும் அந்த வரிசை முழுதாக அழியவில்லை. இரு பரிமாணத்திலும் முப்பரிமாணத்திலும் இந்த முடக்கம் என்றென்றும் நீடிக்குமா என்பதில் இயற்பியலாளர்களிடையே இன்றும் விவாதம் நடக்கிறது.