விலை கூடிய பெட்ரோல் போட்டால் மைலேஜ் கூடுமா?

"என்னிடம் இருப்பது பழைய சின்ன கார். வாரம் மூன்று நாள் காய்கறிக் கூடைகளுடன் உழவர் சந்தைக்குப் போய் வருகிறேன். முன்பு லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்தது, இப்போது 15-ஐத் தாண்டவில்லை. பிரீமியம் பெட்ரோல் போடச் சொல்கிறார்கள். போடலாமா?"

- ஒட்டன்சத்திரம் வாசகர்

அவசரப்பட வேண்டாம். ஆக்டேன் எண் கூடினால் பெட்ரோலுக்குச் சக்தி கூடும் என்பது தவறான எண்ணம். சிலிண்டருக்குள் ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ பரவுவதற்கு முன்பே, மீதிக் கலவை தானாக வெடித்துவிடக் கூடாது. வெடித்தால் மேடு ஏறும்போது 'டக் டக்' என்று சத்தம் வரும், இன்ஜின் கெடும். அப்படி வெடிக்காமல் தாங்கும் தன்மையைச் சொல்வதுதான் ஆக்டேன் எண். கார் கையேடு 91 போதும் என்றால், 100 ஆக்டேன் போட்டாலும் பெரிய லாபம் இல்லை. டர்போ இன்ஜின் போன்றவற்றுக்குக் கையேடே கூடுதல் ஆக்டேன் கேட்டால், அதைத்தான் போட வேண்டும்.

மைலேஜ் ஏன் குறைந்தது?

இப்போதைய சாதா பெட்ரோலில் 20% வரை எத்தனால் கலக்கிறது. நம் கரும்பிலும் மக்காச்சோளத்திலும் இருந்து வருவதுதான் அது. எத்தனால் ஆக்டேனைக் கூட்டும். ஆனால், லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் பெட்ரோலைவிட அதன் எரிசக்தி சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால்தான் ஆக்டேன் ஏறியும் மைலேஜ் இறங்குகிறது. பழைய வடிவமைப்பு கார்களில் 6 முதல் 7% வரை குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. உங்கள் கணக்கும் அதை ஒட்டித்தான் இருக்கிறது.

எந்தக் கம்பெனி பங்க் நல்லது?

ஒரு கம்பெனியின் சுத்திகரிப்பு ஆலையில் வரும் பெட்ரோலை இன்னொரு கம்பெனியும் வாங்கி விற்பது வழக்கம். இன்ஜினைச் சுத்தமாக வைக்கச் சேர்க்கும் மருந்தில்தான் வித்தியாசம். கம்பெனிப் பெயரைவிட அளவு முக்கியம். சந்தேகம் வந்தால், முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

நீங்களே சோதியுங்கள்

சாதா பெட்ரோல் 100 ரூபாய், பிரீமியம் 108 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 15 கிலோமீட்டர் தரும் கார் 16.2 தந்தால்தான் போட்ட காசுக்குச் சரியாகும். டேங்கை நிரப்பி, மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமான சந்தைப் பாதையில் ஓட்டி, அதே பங்க்கில் மறுபடி நிரப்புங்கள். ஓடிய தூரத்தை, இரண்டாவது முறை பிடித்த லிட்டரால் வகுங்கள். இரண்டு பெட்ரோலுக்கும் மும்மூன்று முறை பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

அதற்கு முன் டயர் காற்று, ஏர் ஃபில்டர் இரண்டையும் பார்த்துவிடுங்கள். செலவு குறைவு, பலன் நிச்சயம்.