சர்க்கரை வியாதி பணக்கார வியாதியா?



என் தகப்பனார் காலத்தில் சர்க்கரை வியாதியைப் ‘பணக்கார வியாதி’ என்பார்கள். கல்லாவில் உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் வரும், மூட்டை தூக்குகிறவனுக்கு வராது என்று நானும் நம்பியிருந்தேன். அது தவறு என்பதை என் கடையிலேயே கண்டேன்.

பத்து வருஷங்களுக்கு முன்பு எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. அதே வருஷம், எங்கள் கிடங்கில் நெடுங்காலமாக மூட்டை இறக்கும் தொழிலாளிக்கும் தெரிந்தது. எனக்கு வேளா வேளைக்கு மாத்திரை, காலையில் நடை, மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை. அவரோ மாத்திரையைப் பாதி நாள் போடுவார், பாதி நாள் விட்டுவிடுவார். காலில் ஆணி குத்திய புண்ணை, “தானா ஆறிடும் முதலாளி” என்று சொல்லி இரண்டு வாரம் லோடு இறக்கினார். கடைசியில் இரண்டு விரல்களை எடுக்கும்படி ஆயிற்று. நான் இன்றும் கல்லாவில் இருக்கிறேன். அவரால் மூட்டை தூக்க முடியவில்லை.

அவர் வாயைக் கட்டவில்லை என்று சொல்லிவிடலாம். பீடியும் சர்க்கரை தூக்கலான டீயும் அவர் பழக்கம்தான். ஆனால் லோடு முடியும்வரை பசி தெரியாமலிருக்க அந்த டீயை வாங்கிக் கொடுத்தது நான். அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். முண்டியம்பாக்கத்துக்கோ கோரிமேடு ஜிப்மருக்கோ போய்வந்தால் அன்றைய கூலி போய்விடுமே!

இது ஒருவர் கதை அல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் 15 மாநிலங்களில் நடந்த ஆய்வு 2017-ல் வெளியாயிற்று. தமிழ்நாடு போன்ற முன்னேறிய மாநிலங்களின் நகரங்களில், வசதி உள்ளவர்களைவிட வசதி குறைந்தவர்களிடமே இந்த வியாதி அதிகம் என்றது அது. புதுச்சேரியை ஒட்டிய நம் வானூர்ப் பக்கமும் நகரப் பழக்கங்கள் வந்து நாளாகிறது.

நம் வியாபாரத்திலேயே இதன் காரணம் தெரியும். ஒரு காலத்தில் கேழ்வரகுக் கூழும் கம்பங்கூழும் ஏழையின் ஆகாரம். ரேஷன் அரிசி 2008-ல் கிலோ 1 ரூபாய் ஆயிற்று. 2011 ஜூன் முதல் இலவசமாயிற்று. பட்டினி ஒழிந்தது பெரிய காரியம். அதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் மூன்று வேளையும் தீட்டிய அரிசி என்றாகிவிட்டது. தினையும் சாமையும் பாக்கெட்டில் ஏறி, சாப்பாட்டு அரிசியைவிட விலை கூடிவிட்டன. டாக்டர் சொன்னதை வாங்கிச் சாப்பிட என்னால் முடிகிறது, அவரால் முடியவில்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளை வீடு தேடிக் கொண்டுவந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பகலில் நம் ஆட்கள் வீட்டில் ஏது? நம் கிடங்கில் அல்லவா இருக்கிறார்கள்!

ஆகவே சங்கத்து அன்பர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ள ஆட்களுக்கு மாதம் அரை நாள் கூலியோடு லீவு கொடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தாரை அழைத்து, வருஷம் இருமுறை கடைத்தெருவிலேயே பரிசோதனை முகாம் நடத்துவோம். சில்லறைக் கடைக்காரர்கள் கேழ்வரகையும் கம்பையும் கால் கிலோ, அரைக் கிலோவாக நிறுத்துக் கொடுங்கள். லாபம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

அந்தத் தொழிலாளிக்கு இப்போது எங்கள் கடையில் பில் சரிபார்க்கும் வேலை கொடுத்திருக்கிறேன். அந்த அரை நாள் லீவை அன்றே கொடுத்திருந்தால் அவர் விரல்கள் தப்பியிருக்கும்.