பதக்கத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு?

2018 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் எய்கிள் நகரில் நடந்த ஜூனியர் உலக டிராக் சைக்கிள் போட்டியில், கெய்ரின் பந்தயத்தில் வெள்ளி வென்றார் நிகோபார் இளைஞர் ஈசோ ஆல்பன். உலகப் போட்டிகளில் இந்திய சைக்கிளிங்குக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. அடுத்த ஆண்டு ஜெர்மனியில், மணிப்பூர் வீரர்களுடன் சேர்ந்து குழு ஸ்பிரின்ட்டில் தங்கம்.

வெற்றி வந்தால் பங்கு கேட்கப் பலர் இருப்பார்கள். கால்பந்திலும் இதே கதைதான். 2018-19ல் ஐ-லீக் பட்டம் வென்ற சென்னை சிட்டி அணிக்கு அக்பர் நவாஸின் பயிற்சியும் தேவைப்பட்டது. பெட்ரோ மான்சியை ஸ்பெயினிலிருந்து அழைத்துவந்த நிர்வாகமும் தேவைப்பட்டது.

அந்தமானில் சிக்கலே தூரம்தான். 2010 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டிய மரத்தள வெலோட்ரோம் இருப்பது தில்லியில். 2004 சுனாமியில் உயிர் தப்பிய டெபோரா ஹெரால்டும் அங்கே போய்த்தான் தேறினார். தங்குமிடம், சாப்பாடு, வெளிநாட்டுப் பயணம் எல்லாமே இந்திய விளையாட்டு ஆணையம், சைக்கிள் சம்மேளனம் ஆகியவற்றின் கையில். அவை இல்லாமல் பதக்கம் இல்லை.

ஆனால், தீவில் அந்தச் சிறுவனின் கால் வலுவை முதலில் கவனித்தவர்? மத்திய அரசின் ரொக்கப் பரிசுத் திட்டத்தில் பயிற்சியாளருக்கும் பங்கு உண்டு. கடைசியாகப் பக்கத்தில் நின்றவரை அடையாளம் காண்பது சுலபம். முதலில் கண்டெடுத்தவரின் பெயரையும் பதிவேட்டில் எழுதிவைத்தால்தான் அடுத்த ஈசோவைத் தேட அவருக்கு மனம் வரும்.