இறந்த குரங்கும் அது கிடந்த நிலமும்

1957-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அன்றைய மைசூர் இராஜ்யத்து ஷிமோகா மாவட்டத்தில், கியாசனூர்க் காட்டில் குரங்குகள் பல இறந்து கிடந்தன. அதே சமயத்தில், விறகுக்கும் தழைக்கும் அக்காட்டினுள் சென்று வந்த மக்கள் கடுஞ்சுரத்தால் வீழ்ந்தனர். மஞ்சள் காய்ச்சல் இந்தியாவினுள் புகுந்துவிட்டதோ என்னும் அச்சம் எழுந்தது. புனா வைரஸ் ஆராய்ச்சி நிலையத்தார் ஆய்ந்து, இது உண்ணிகளால் பரவும் புதியதொரு வைரஸ் எனக் கண்டனர். காட்டின் பெயரே நோய்க்கும் அமைந்தது.

மக்கள் இதனைக் குரங்குக் காய்ச்சல் என்பர். அப்பெயர் ஓரளவு பொருந்தாததே. குரங்கும் மனிதனைப் போல நோய்க்கு இரையாகும் பிராணிதான். மனிதனுக்கு நோயைக் கொணர்வது பெரும்பாலும் ஹீமாபைசாலிஸ் ஸ்பினிஜெரா என்னும் காட்டு உண்ணி. நோயுற்ற குரங்கின் இரத்தத்தில் வைரஸ் மிகுந்திருக்கும். அதனைக் குடித்த உண்ணிக் குஞ்சுகள், குரங்கு இறந்ததும் உடலை விட்டு நீங்கி, கீழே சருகில் தங்கித் தோலுரித்து வளர்கின்றன. கடுகளவேயான அவ்விள உண்ணிகள் அவ்வழிச் செல்வோரைப் பற்றிக்கொள்கின்றன. ஆகவே, உடல் அகற்றப்பட்ட பின்னரும் அது கிடந்த நிலம் அபாயமானதே. மாடுகளின் உடலில் இவ்வைரஸ் பெருகுவதில்லை. ஆயினும் முதிர்ந்த உண்ணிகளுக்கு அவை உணவளிப்பதால், மேய்ச்சல் மிக்க காட்டில் உண்ணிகளும் மிகுகின்றன.

இள உண்ணிகள் மிகும் காலம் நவம்பர் முதல் மே வரை. கடியுண்ட மூன்று முதல் எட்டு நாட்களில் குளிர்சுரம், தலைவலி, கடுந்தசைவலி ஆகியவை திடீரெனத் தோன்றும். சிலருக்கு இரத்தக் கசிவும் உண்டாகும். நோயுற்றோரில் நூற்றுக்கு மூவர் முதல் ஐவர் வரை இறக்கின்றனர். ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு இது தொற்றுவதில்லை. வைரஸை ஒழிக்கும் தனி மருந்து இல்லை. கர்நாடகத்தில் 1990 முதல் இடப்பட்டு வந்த தடுப்பூசியும், போதிய பயனளிக்காமையால் 2022-இல் நிறுத்தப்பட்டது. இதற்கிடையில், 2012-க்குப் பின் நீலகிரி, வயநாடு, கோவா ஆகிய பகுதிகளிலும் இவ்வைரஸ் காணப்பட்டுள்ளது.

இந்நிலையில் முதற்காவல் களப்பணியாளரின் கண்ணே. இறந்த குரங்கைக் கண்டவர் அதனைத் தொடவோ இழுத்துப் புதைக்கவோ முற்படாது, இடத்தைக் குறித்து உடனே சுகாதார, வனத் துறையினருக்கு அறிவித்தல் வேண்டும். அவ்விடத்தைச் சுற்றி ஐம்பது மீட்டர் வரை பூச்சிக்கொல்லி மருந்து தூவப்பெறும். காட்டிற் செல்வோர் கைகால்களை மூடும் உடை உடுத்தி, உண்ணி விரட்டும் எண்ணெய் பூசுதல் நலம். சருகின்மீது அமர்தல் ஆகாது. வீடு திரும்பியதும் வெந்நீரும் சோப்பும் கொண்டு குளித்து, உடுத்த ஆடைகளையும் வெந்நீரில் துவைத்தல் வேண்டும். காட்டோரப் பள்ளிகளில் மாடு மேய்க்கும் சிறுவர் பலர் பயில்வதால், இவற்றை ஆசிரியர்கள் நவம்பருக்கு முன்னரே எடுத்துரைத்தல் தகும்.