லினக்ஸ் மடிக்கணினியும் இயக்கி நிரல்களும்

மடிக்கணினியில் உபுண்டு, ஃபெடோரா, டெபியன் போன்ற லினக்ஸ் இயங்குதளங்களுள் ஒன்றை நிறுவுவோருக்கு, நிறுவும் வேலை இன்று பெரும்பாலும் சிக்கலாக இருப்பதில்லை. தொல்லை வருமானால் அது அதற்குப் பிறகே வருகிறது. வைஃபை இணைப்புகளின் பட்டியல் வெறுமையாகக் கிடக்கும், ஒலிபெருக்கியில் ஓசை எழாது, மூடிவைத்த கணினியைத் திறந்தால் திரை கறுப்பாகவே நிற்கும், கைரேகை உணரி என்று ஒன்று இருப்பதையே இயங்குதளம் காட்டாது. கணினிக் கடைகளில் "டிரைவர் இல்லை" என்னும் இரண்டு சொற்களில் முடிந்துவிடும் இந்தக் குறைபாட்டுக்குப் பின்னால் முப்பது ஆண்டுக்கும் மேற்பட்ட தொழில்நுட்ப வரலாறும், ஓரளவு வணிகப் பூசலும் உள்ளன.

டிரைவர் எனப்படும் இயக்கி நிரல், இயங்குதளத்துக்கும் ஒரு குறிப்பிட்ட வன்பொருளுக்கும் இடையில் நின்று, முன்னதன் பொதுவான கட்டளைகளைப் பின்னதற்குப் புரியும் செயல்களாக மாற்றித் தருவது. ஒவ்வொரு சில்லிலும் பதிவகங்கள் எனப்படும் சிறு நினைவு இடங்கள் இருக்கின்றன. எந்தப் பதிவகத்தில் எந்த எண்ணை எந்த வரிசையில் எழுதினால் அலைவாங்கி விழிக்கும், எதை எழுதினால் ஒலி வெளிவரும் என்பது சில்லுக்குச் சில்லு வேறுபடும். அந்த விவரம் அதை வடிவமைத்த நிறுவனத்தின் பொறியாளர்களுக்கே முதலில் தெரியும் என்பதால், விண்டோசுக்கு இயக்கி எழுதும் பொறுப்பைச் சில்லைச் செய்தவர்களே ஏற்கின்றனர். சந்தையின் அளவு அவர்களை ஏற்கச் செய்கிறது. லினக்ஸ் அத்தகைய வற்புறுத்தலை நெடுங்காலம் செய்ய இயலாத நிலையில் இருந்ததால், அதற்கான இயக்கியைப் பல நேரங்களில் வெளியாட்களே எழுத வேண்டியதாயிற்று. ஆகவே இங்கே உண்மையான கேள்வி நிரலாக்கத் திறமை பற்றியதன்று. சில்லைப் பற்றிய அறிவு யாரிடம் இருக்கிறது, அவர் அதைப் பகிர்கிறாரா என்பதே.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ், துல்லியமாகச் சொன்னால், கெர்னல் எனப்படும் மையப் பகுதி மட்டுமே. நினைவகத்தையும் செயலியையும் வன்பொருளையும் ஆள்வது அதன் பணி. இயக்கி நிரல்கள் இந்தக் கெர்னலின் மூலநிரலோடு சேர்ந்தே வளர்கின்றன என்பதும், அம்மூலநிரலில் பாதிக்கு மேற்பட்ட வரிகள் இயக்கிகளுக்கே உரியவை என்பதும் விண்டோசில் பழகியவர்கள் எளிதில் உணராத செய்திகள். அவர்கள் வழக்கத்தின்படி மடிக்கணினி நிறுவனத்தின் தளத்துக்குச் சென்று லினக்ஸ் இயக்கியைத் தேடுகின்றனர். அங்கே ஒன்றும் கிடைக்காததால் ஆதரவே இல்லை என்று முடிவு கட்டுகின்றனர். உண்மையில் அது ஏற்கெனவே வட்டில் இருக்கக்கூடும். கணினி இயங்கத் தொடங்கும்போது, பிசிஐ, யுஎஸ்பி ஆகிய வழித்தடங்களில் இணைந்துள்ள ஒவ்வொரு கருவியும் தன்னைச் செய்த நிறுவனத்தின் எண்ணையும் தன் வகை எண்ணையும் தெரிவிக்கிறது. (பிசிஐ வழித்தடத்தில் இன்டெல்லின் எண் 8086, அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற பழைய செயலியின் பெயரை அறிந்தவர்கள் இதில் ஒரு குறும்பைக் காணலாம்.) ஒவ்வோர் இயக்கியும் தான் கையாளக்கூடிய எண்களின் பட்டியலைத் தன்னுள் கொண்டிருப்பதால், கெர்னல் இரண்டையும் ஒப்பிட்டு, பொருந்தும் இயக்கியைத் தானாகவே ஏற்றிக்கொள்கிறது. முனையத்தில் ஒரே கட்டளையால் இந்த எண்களைப் பார்த்துவிடலாம். பெட்டியின் மேல் அச்சிட்ட பெயரைக் காட்டிலும் அந்த எண்ணே நம்பத்தக்கது, ஏனெனில் ஒரே பெயருள்ள மடிக்கணினியில் வெவ்வேறு தொகுதிகளில் வெவ்வேறு வைஃபை அட்டைகள் இருப்பது சாதாரணம்.

கெர்னலின் உள்கட்டமைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறலாம் என்பதை அதன் படைப்பாளிகள் கொள்கையாகவே வைத்துள்ளனர். ஓர் உள் இடைமுகத்தை மாற்றுபவர், கெர்னலுக்குள் உள்ள எல்லா இயக்கிகளிலும் அதற்கேற்ற திருத்தத்தைத் தாமே செய்தாக வேண்டும்; அதனால் உள்ளே இடம்பெற்றுவிட்ட இயக்கி, அதை எழுதியவர் ஒதுங்கிவிட்ட பின்னும் பல்லாண்டுகள் உயிரோடிருக்கிறது. வெளியே இருக்கும் இயக்கிக்கு இந்தக் காப்பு இல்லை. ஒவ்வொரு கெர்னல் மேம்படுத்தலுக்குப் பின்னும் அதை மீண்டும் தொகுக்க வேண்டும். இதைத் தானாகச் செய்ய டெல் நிறுவனத்தில் உருவான டிகேஎம்எஸ் என்னும் கருவி இருந்தாலும், இடைமுகம் மாறிவிட்டால் தொகுப்பே தோற்றுப்போகும். நேற்று வரை ஒழுங்காக வேலை செய்த வைஃபை ஒரு மேம்படுத்தலுக்குப் பின் காணாமற்போவதாக எழும் முறையீடுகள் பல இத்தகைய வெளி இயக்கிகளால் வருபவை.

அறிவு மறைக்கப்படும்போது என்ன நிகழும் என்பதற்குப் பிராட்காம் நிறுவனத்தின் வைஃபை சில்லுகளைப் போல் விளக்கமான சான்று வேறில்லை. 2000ஆம் ஆண்டுகளின் நடுவில் எண்ணற்ற மடிக்கணினிகளில் இடம்பெற்ற அச்சில்லுகளுக்கு லினக்ஸ் இயக்கியும் இல்லை, ஆவணமும் இல்லை. முதல் மாற்றுவழி விசித்திரமானது: விண்டோஸ் எக்ஸ்பிக்காக எழுதப்பட்ட இயக்கியையே, தான் விண்டோசுக்குள் இருப்பதாக நம்பும்படி செய்து, லினக்ஸ் கெர்னலுக்குள் ஓட்டும் என்டிஸ்ராப்பர் என்னும் நிரல். அது பலருக்கு உதவியது. மூலநிரலைப் பார்க்க இயலாத அயல் நிரலைக் கெர்னலின் மையத்தில் ஓடவிடுவதன் ஆபத்தையும் கூடவே கொண்டுவந்தது. இரண்டாம் வழி மறுதலைப் பொறியியல், அதாவது முடிந்த பொருளைப் பிரித்து ஆராய்ந்து அதன் இயக்கத்தைக் கண்டறிதல். பதிப்புரிமை மீறல் என்ற குற்றச்சாட்டு எழாதிருக்கும்பொருட்டு, ஒரு குழுவினர் நிறுவனத்தின் இயக்கியைப் பிரித்துப் பார்த்துச் சில்லின் நடத்தையை ஆவணமாக எழுத, அந்த இயக்கியைக் கண்ணாலும் காணாத மற்றொரு குழுவினர் அந்த ஆவணத்தை மட்டும் வைத்துப் புதிய இயக்கியை எழுதினர். 2006இல் கெர்னலின் 2.6.17 பதிப்பில் அது இடம்பெற்றது. 2010 செப்டம்பரில் பிராட்காம் தன் புதிய சில்லுகள் சிலவற்றுக்குத் திறந்த மூல இயக்கியைத் தானே வெளியிட்டது. நிறுவனம் ஒரு சில ஆவணங்களை முன்னரே தந்திருந்தால் அத்தனை உழைப்பும் வேறு எதற்கோ பயன்பட்டிருக்கும்.

ஆயினும் அவ்வாறு எழுதிய இயக்கி மட்டும் போதுமானதாக இல்லை. இக்காலச் சில்லுகள் பலவற்றுள் சிறு செயலி ஒன்றும் அதற்குரிய நிரலும் உண்டு. பர்ம்வேர் எனப்படும் இந்த நிலைபொருளை, கணினியைத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் இயக்கியே சில்லுக்குள் ஏற்ற வேண்டியிருக்கும். அது நிறுவனத்தின் உடைமை, மூலநிரல் கிடைக்காது, சில வேளைகளில் மறுவழங்கல் உரிமையும் இராது. பிராட்காம் பயனர்கள் விண்டோஸ் அல்லது பிற இயக்கிக் கோப்பிலிருந்து நிலைபொருளை வெட்டியெடுக்கும் தனி நிரலைப் பயன்படுத்த நேர்ந்தது. இணையத்தோடு இணைவதற்குரிய கருவியை இயக்க வேண்டிய கோப்பை இணையத்திலிருந்தே இறக்க வேண்டியிருந்த முரணும் இதனால் வந்தது. கம்பிவழி இணைப்பு உள்ள கணினியில் இது சிக்கலன்று. அக்கம்பியைச் செருகும் துளையே இல்லாத இன்றைய மெல்லிய மடிக்கணினிகளில், கைபேசியை யுஎஸ்பி கம்பியால் இணைத்து அதன் இணையத்தைப் பகிர்வதே எளிய தீர்வு.

நிலைபொருள் குறித்துக் கொள்கைப் பூசலும் நெடிது நடந்தது. கட்டற்ற மென்பொருளில் உறுதியான டெபியன், 2011இல் வெளியிட்ட ஆறாம் பதிப்பில் தன் கெர்னலிலிருந்து மூலநிரல் அற்ற நிலைபொருள்களை நீக்கித் தனிப் பகுதியில் வைத்தது. கொள்கை தூய்மையாக இருந்தது. அதிகாரபூர்வ நிறுவல் கோப்பை இறக்கிய புதியவருக்கு வைஃபை வேலை செய்யவில்லை. ஒரு பதிற்றாண்டுக்குப் பின் 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து, நிலைபொருள்களை நிறுவல் கோப்பிலேயே சேர்க்க முடிவு செய்தனர்; 2023 ஜூனில் வந்த பன்னிரண்டாம் பதிப்பில் அது நடைமுறைக்கு வந்தது. கொள்கையாளர் இதைச் சறுக்கல் என்பர். எனினும் சில்லுக்குள்ளேயே நிரந்தரமாக எழுதப்பட்ட இரகசிய நிரலைப் பொறுத்துக்கொண்டு, வட்டிலிருந்து ஏற்றப்படும் அதே நிரலை மட்டும் விலக்குவதால் பயனரின் சுதந்திரம் எவ்வாறு கூடுகிறது என்ற வினாவுக்கு அவர்கள் நிறைவான விடை தந்ததாகத் தெரியவில்லை.

வரைகலைச் சில்லுகளின் கதையில் இரகசியம் இடம்பெயர்வதை இன்னும் தெளிவாகக் காணலாம். ஏஎம்டி நிறுவனம் 2007இல் தன் வரைகலைச் சில்லுகளின் ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. 2015இல் கெர்னலில் சேர்ந்த அதன் திறந்த இயக்கி இன்று கெர்னலிலேயே மிகப் பெரிய இயக்கியாக, பல இலட்சம் வரிகளோடு நிற்கிறது. (அவ்வரிகளில் பெரும்பகுதி பதிவகங்களின் பெயர்ப்பட்டியலே, மறைக்காமல் சொல்லத் தொடங்கினால் சொல்ல வேண்டியது எவ்வளவு என்பதற்கு அதுவே அளவு.) என்விடியா வேறு வழியில் சென்றது. மூலநிரல் அற்ற தன் இயக்கியை மட்டும் தந்ததால், தன்னார்வலர்கள் மறுதலைப் பொறியியலால் நூவோ என்னும் இயக்கியை உருவாக்கினர். 2010இல் அது கெர்னலுக்குள் வந்தது. 2012இல் பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தில் பேசிய டோர்வால்ட்ஸ், தாங்கள் கையாண்ட நிறுவனங்களுள் மிக மோசமானது என்விடியாவே என்று கூறி, கேமராவை நோக்கி நடுவிரலையும் காட்டினார். 2014இல் வந்த இரண்டாம் தலைமுறை மேக்ஸ்வெல் சில்லுகளிலிருந்து, என்விடியாவின் மறையீட்டுக் கையொப்பம் உள்ள நிலைபொருளை மட்டுமே சில்லின் முக்கியப் பகுதிகள் ஏற்கும்படி அமைக்கப்பட்டதால், நூவோவால் சில்லின் வேகத்தை உயர்த்தவே இயலாது போயிற்று. விலையுயர்ந்த வரைகலை அட்டை, கணினி தொடங்கும்போது இருந்த குறைந்த வேகத்திலேயே நின்றது. 2022 மே மாதத்தில் அந்நிறுவனம், டூரிங் தலைமுறையும் அதற்குப் பிந்தியவுமான சில்லுகளுக்குத் தன் இயக்கியின் கெர்னல் பகுதியைத் திறந்த மூலமாக வெளியிட்டது. வரவேற்கத்தக்க மாற்றம்தான், ஆனால் முன்பு இயக்கிக்குள் இருந்த நுட்பங்களில் பெரும்பகுதி, சில்லுக்குள் உள்ள தனிச் செயலியில் ஓடும் கையொப்பமிட்ட நிலைபொருளுக்கு ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்தே இதை மதிப்பிட வேண்டும்.

மடிக்கணினியில் மட்டும் தோன்றும் சிக்கல்களும் உள்ளன. திரை வெளிச்சம், மின்கல அளவு, மூடியின் உணரி, துயில்நிலை ஆகியவை ஏசிபிஐ என்னும் தரத்தின்படி, தாய்ப்பலகையில் நிறுவனம் எழுதிவைத்த அட்டவணைகள் வழியே இயங்குகின்றன. இந்த அட்டவணைகளைப் பல நிறுவனங்கள் விண்டோசில் மட்டுமே சோதிப்பதால், பிழைகள் விண்டோசில் தெரியாமலும் லினக்சில் வெளிப்பட்டும் வருகின்றன. தன்னை ஆள்வது எந்த இயங்குதளம் என்று அட்டவணை வினவும்போது, லினக்ஸ் தன் பெயருக்கு இல்லையென்றும் விண்டோஸ் பதிப்புகளின் பெயர்களுக்கு ஆமென்றும் விடையளிப்பது வழக்கம். சோதிக்கப்பட்ட பாதையிலேயே செல்வதற்கு அதுவே ஏற்ற உத்தி. அதிலும் தீராதவற்றுக்கு, இன்ன நிறுவனத்தின் இன்ன மாதிரி என்றால் இவ்வாறு செய்க என்னும் விதிவிலக்குகள் கெர்னலில் குவிந்து கிடக்கின்றன. நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் தந்து மற்றவற்றை அணைக்கும் பழைய துயில்நிலையை அண்மைக் கால மடிக்கணினிகள் பல கைவிட்டு, கைபேசியைப் போல் அரைத்துயிலில் இருக்கும் முறைக்கு மாறியுள்ளன. அதில் ஒரே ஒரு கருவியின் இயக்கி உறங்க மறுத்தாலும், பைக்குள் வைத்த கணினி சூடாகி மின்கலம் வடிந்துவிடும்.

புதுமையும் ஓர் இடர். 2022 வாக்கில் வந்த இன்டெல் மடிக்கணினிகள் சிலவற்றில், யுஎஸ்பி வழியே முழுமையான படத்தைத் தரும் கேமராவுக்குப் பதிலாக, செம்மைப்படுத்தாத தரவை மட்டும் தரும் உணரி இடம்பெற்றது. படமாக்கும் வேலை செயலியில் உள்ள தனிப் பகுதிக்குச் சென்றது. அதற்கான அடிப்படை இயக்கி 2024இல் வந்த 6.10 கெர்னலில்தான் சேர்ந்தது. அதுவரை அத்தகைய கணினிகளில் கெர்னலோடு வந்த இயக்கிகளால் கேமரா இயங்கவில்லை.

கெர்னலுக்கு வெளியிலுள்ள இயக்கியை நிறுவுவோர் மற்றொரு தடையையும் சந்திக்கின்றனர். செக்யூர் பூட் எனப்படும் பாதுகாப்பு முறை இயக்கத்தில் இருந்தால், நம்பகமான கையொப்பம் இல்லாத கூறுகளைக் கெர்னல் ஏற்காது. உபுண்டு போன்றவை நிறுவும்போதே ஒரு கடவுச்சொல்லைக் கேட்டு, அடுத்த தொடக்கத்தில் நீலத் திரையில் அதை உறுதிப்படுத்தச் சொல்கின்றன. அத்திரை சில விநாடிகளில் மறைந்துவிடுவதால் பலர் அதைத் தவறவிட்டு, இயக்கி பழுதென்று எண்ணிவிடுகின்றனர்.

வாங்குவோர் செய்யக்கூடியவை சில. இயங்குதளத்தை நிறுவாமலேயே யுஎஸ்பி விரலியிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். கடைக்காரர் அனுமதித்தால் வாங்குமுன்னரே வைஃபை, ஒலி, கேமரா, தொடுதளம், மூடித் திறத்தல் ஆகியவற்றைச் சோதித்துவிடலாம். கணினி மிகப் புதியதெனில், நீண்ட கால ஆதரவுப் பதிப்பின் பழைய கெர்னலைவிட, புதிய கெர்னலைக் கொண்ட பதிப்பே பொருந்தும். டெல் 2012 முதல் எக்ஸ்பிஎஸ் 13 மாதிரியில் உபுண்டுவையும், லெனோவோ 2020 முதல் சில திங்க்பேட் மாதிரிகளில் ஃபெடோராவையும் முன்னிறுவி விற்றுள்ளன. அம்மாதிரிகளின் வன்பொருளுக்கு இயக்கிகள் கெர்னலுக்குள் சென்றிருக்க வாய்ப்பு மிகுதி. வைஃபை மட்டுமே சிக்கலெனில் அட்டையை மாற்றுவது பெருஞ்செலவன்று. ஆனால் அட்டை தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். இன்டெல்லின் ஏஎக்ஸ்210 பொதுவான பிசிஐ அட்டையென்பதையும், அதைப் போலவே தோன்றும் ஏஎக்ஸ்211 அதற்கேற்ற இன்டெல் செயலி உள்ள கணினியில் மட்டுமே இயங்கும் என்பதையும் கடையில் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.