வேலை வீட்டுக்குள் வந்த பிறகு: கண்டியில் வாடகை வீடு, அன்றும் இன்றும்

கண்டியில் முன்பு வாடகைக்கு வீடு தேடியவர்கள் வீட்டுக்காரரிடம் மூன்று விஷயங்கள்தான் கேட்பார்கள்: தண்ணீர் எப்படி, பஸ் எங்கே நிற்கும், அட்வான்ஸ் எவ்வளவு. வீடு சத்தமில்லாமல் இருக்குமா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. காலை ஏழு மணிக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு போய் மாலை ஆறு மணிக்குத் திரும்புகிறவருக்கு, நடுப்பகலில் அந்த வீட்டைச் சுற்றி என்ன நடக்கிறது என்பது தெரியவும் வராது, தெரிய வேண்டியதும் இல்லை. கந்தோரில் சத்தம் என்றால் அது கந்தோரின் பிரச்சினை. வீடு சமைக்கவும் படுக்கவும்.

மலையகத்தில் அந்தத் தேடல்கூடப் பலருக்குத் தேவைப்படவில்லை. வேலையோடு வீடும் சேர்ந்து வந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டதற்கு முன்பே, கோப்பிக் காலத்திலேயே, தோட்டத்தில் லயங்கள் எழுந்துவிட்டன. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஒரு குடும்பம், நடுவே ஒரு சுவர், அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். பேர் பதிந்திருக்கும்வரை அறை உண்டு, பேர் வெட்டினால் அறையும் போச்சு. நகரத்துக்குள் மஹியாவையில் மாநகர சபைத் தொழிலாளருக்குக் குடியிருப்பு, ரயில்வேக்காரருக்கு ரயில்வே குவாட்டர்ஸ். 1952இல் இலங்கைப் பல்கலைக்கழகம் பேராதனைக்கு வந்தபோது விரிவுரையாளர்களுக்கு மலைச் சரிவில் பங்களாக்கள். வசதியில் லயத்துக்கும் பங்களாவுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் என்றாலும் ஏற்பாடு ஒன்றுதான்: கூரை முதலாளியுடையது.

குவாட்டர்ஸ் கிடைக்காதவர்கள்தான் வாடகைச் சந்தையில் நின்றார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மாற்றலாகி வந்த ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், கச்சேரி எழுதுவினைஞர்கள். அவர்களுக்குப் போர்டிங் இருந்தது. கட்டுக்கலைப் பிள்ளையார் கோவிலில் வெள்ளிக்கிழமைப் பூசைக்கு நின்றால் அடுத்த வாரத்துக்குள் ஓர் அறை பற்றித் தகவல் வந்துவிடும். புரோக்கர் தேவையில்லை. ஊர் என்ன, யாருடைய மகன், எந்தப் பாடசாலையில் படிப்பிக்கிறார் என்ற மூன்று கேள்விகளோடு விசாரணை முடியும். சாப்பாட்டோடு சேர்த்து மாதக் கணக்கு. இரவு பத்து மணிக்கு லைட் அணைக்க வேண்டும், விருந்தாளிகள் கூடாது. அறைக்குள் மேசை வைத்து ராத்திரி முழுக்க வேலை செய்கிற ஆளை அந்த வீட்டம்மா ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருக்க மாட்டார்.

சட்டமும் அந்தக் காலத்தில் வாடகைக்காரர் பக்கம்தான் சாய்ந்திருந்தது. 1948இன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்துக்கு 1972இன் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே, பீட்டர் கெனமன் வீடமைப்பு அமைச்சராக இருந்தபோது, ஒருவர் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்பதற்கு வரம்பு வந்தது. குடியிருந்தவருக்கு அது பெரிய பாதுகாப்பு. ஆனால் வீட்டுக்காரர்களின் மனதில் ஒரு பயம் ஆழமாகப் பதிந்தது: கொடுத்தால் வீடு திரும்பி வராது. சட்டம் பலமுறை திருத்தப்பட்ட பிறகும் அந்தப் பயம் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கைமாறியிருக்கிறது. அனிவத்தையிலும் அஸ்கிரியவிலும் பிள்ளைகள் வெளிநாடு போய்விட்ட பெரிய வீடுகள் இன்றும் பூட்டிக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

தமிழ்க் குடும்பங்கள் அன்று சத்தத்தைப் பற்றி யோசிக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1977, 1983 இனக்கலவரங்களுக்குப் பிறகு வீடு பார்க்கப் போனவர்களுக்கு முதல் கேள்வி பக்கத்து வீட்டில் யார் என்பது. இரண்டாவது கேள்வி, ஒன்று நடந்தால் பின்பக்கத்தால் வெளியேற வழி இருக்கிறதா என்பது. சந்தடி மிகுந்த கட்டுக்கலையும் மஹியாவையும் நம்மவர்களுக்குப் பிடித்திருந்தது சும்மா இல்லை. ஒதுக்குப்புறமான, மரங்கள் சூழ்ந்த, ஒருவரும் எட்டிப் பார்க்காத வீடு அன்று யாருக்கும் வேண்டாம். 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, அந்தக் கேள்விகள் இன்னும் காலாவதியாகவில்லை என்பது தெரிந்தது.

பிறகு 2020 மார்ச் 20 அன்று நாடெங்கும் ஊரடங்கு. கொழும்பில் வெள்ளவத்தை, தெஹிவளை அறைகளில் இருந்த பிள்ளைகள் மடிக்கணினியோடு கண்டிக்கும் மாத்தளைக்கும் கம்பளைக்கும் திரும்பினார்கள். 2022 ஜூனில் எரிபொருள் இல்லாமல் அரசாங்கமே தன் ஊழியர்களை வீட்டில் இருக்கச் சொன்னது. பிறகு டீசலும் வந்தது, பஸ்ஸும் ஓடியது. ஒரு பகுதியினர் மட்டும் கந்தோருக்குத் திரும்பவில்லை. கணக்கு எழுதுகிறவர்கள், மென்பொருள் எழுதுகிறவர்கள், இணையத்தில் பாடம் நடத்தும் ஆசிரியர்கள், வெளிநாட்டுக் கம்பனிகளுக்குத் தொலைபேசியில் பதில் சொல்கிறவர்கள். லயத்தில் பிறந்து பேராதனையில் படித்து முடித்த பிள்ளைகளும் இதில் இருக்கிறார்கள். அவர்களுக்கு லயத்துக்கு வெளியே முதல் வீடு, யாரோ ஒருவரின் வீட்டோடு ஒட்டிய வாடகை அனெக்ஸ்தான்.

இவர்களுக்கு வீடுதான் கந்தோர். பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது. கண்டி, மலைகள் சூழ்ந்த ஒரு கிண்ணம். அடியில் எழும்புகிற சத்தம் சரிவுகளில் ஏறி வரும். விடிகாலையில் பன்சலையிலிருந்து பிரித், பள்ளிவாசலிலிருந்து பாங்கு, கோவிலில் மணி. இவற்றில் எனக்கு முறைப்பாடு இல்லை, ஊரின் கடிகாரம் அது. காலையில் பீத்தோவனின் மெட்டைப் பீப்பீ என்று பாடிக்கொண்டு ஏறி வருகிறதே பாண் விற்கும் சூன் பான் த்ரீவீல், அது சூம் கூட்டத்தின் நடுவில் வந்தால் மறுமுனையில் இருக்கும் வெள்ளைக்காரருக்கு விளக்கம் சொல்லி முடிவதற்குள் கூட்டம் முடிந்துவிடும். லொத்தர் விற்பவரின் ஒலிபெருக்கி, பக்கத்துக் காணியில் புல் வெட்டும் மெஷின், மேலே கட்டிக்கொண்டிருக்கும் வீட்டில் டைல் அறுக்கும் சத்தம். உடவத்தகலைக் காட்டை ஒட்டிய வீடு என்றால் சீட்டுக் கூரையில் குரங்குக் கூட்டம் ஓடும். இவையெல்லாம் இல்லாவிட்டாலும் மழை உண்டு. கண்டிக்கு இரண்டு பருவக்காற்றிலும் மழை, தகரக் கூரைக்குக் கீழே ஒலிவாங்கி வைத்துப் பேசிப் பார்த்தவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

நமது சட்டம் சத்தத்தைக் கட்டுப்படுத்தியிருக்கிறது. 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. வெலிகமையில் ஒரு பள்ளிவாசல் தொடர்பாக எழுந்த வழக்கு, ஆனால் தீர்ப்பு எல்லா மதத்துக்கும் பொதுவாக வந்தது. நல்ல தீர்ப்பு. அது காப்பாற்றுவது தூக்கத்தை. பகல் பதினொரு மணிக்கு வீட்டிலிருந்து வேலை செய்கிறவர் யார் என்று 2007இல் யாரும் யோசித்திருக்க முடியாது. மெல்பேணுக்கு வேலை செய்கிறவர் நம் நேரம் அதிகாலை நாலரைக்கு, அங்கே கோடை என்றால் மூன்றரைக்கே, அவர்களுடைய ஒன்பது மணிக் கூட்டத்தில் உட்கார்கிறார். லண்டனுக்கு வேலை செய்கிறவர் பனிக்காலத்தில் இரவு பத்தரைக்குத்தான் வேலை முடித்து மேசையை விட்டு எழும்புகிறார். இவர்களுக்கு அமைதி பகலிலும் வேண்டும்.

இதில் ஒரு பழைய வேடிக்கை உண்டு. கண்டிச் சீமையில் வீட்டிலிருந்து வேலை செய்து பிழைத்த முதல் வெளிநாட்டவர் என்று, கண்டி அரசனின் கைதியாக இருந்த ஆங்கிலேயர் ரொபட் நொக்ஸைச் சொல்லலாம். 1660இல் பிடிபட்டு 1679இல் தப்பும்வரை, கண்டிக்கு அருகே எலதெத்தையில் வீடு கட்டிக்கொண்டு தொப்பி பின்னி விற்றார், நெல்லைக் கடன் கொடுத்தார். ஓடு போடவோ வெள்ளையடிக்கவோ குடிமக்களுக்கு அனுமதியில்லாத காலம். ஆனாலும் அவருக்கு வாடகை இல்லை, அமைதிக்கும் குறைவில்லை. போக மட்டும்தான் விடவில்லை.

இன்றைய கதைக்கு வருவோம். சத்தமில்லாத வீடு வேண்டும் என்றால் மலை ஏற வேண்டும். ஹந்தானை, அம்பிட்டிய, அனிவத்தையின் மேல் பக்கம். அங்கே சத்தம் குறையும், கூடவே பஸ்ஸும் குறையும். த்ரீவீல் செலவு வாடகையில் எழுதப்படாத இரண்டாவது வாடகை. சில ஒழுங்கைகளில் ஃபைபர் இன்னும் வரவில்லை, வந்த இடத்தில் கம்பத்தில் இணைப்புக்கு இடம் காலியில்லை என்பார்கள். கைபேசி சிக்னலை மலையே மறைக்கும், ஜன்னலோரம் வந்து பேச வேண்டும். குண்டசாலை, திகனைப் பக்கம் நிலம் சமதளம், வாடகையும் நகரத்தைவிடக் குறைவு. 1985இல் விக்டோரியா நீர்த்தேக்கம் வந்து பழைய தெல்தெனிய நீரில் மூழ்கிய பிறகு வளர்ந்த பகுதி அது. 2020இல் அந்தப் பக்கம் சிறிய நில அதிர்வுகளும் வந்து போயின. பேராதனை, கன்னொருவ என்றால் மாணவர் போர்டிங் வீடுகள், பரீட்சை முடிந்த இரவுகளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

சரிவு வீட்டுக்கு இன்னொரு கேள்வியும் சேர்ந்துவிட்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் மலையகம் சரிந்தபோது கண்டி மாவட்டம் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டது. அதற்கு முன் வீட்டின் பின்னால் இருந்த மண் வெட்டு யாருக்கும் தெரியவில்லை. இப்போது வீடு பார்க்கப் போகிறவர்கள் முதலில் பின்பக்கம் போய் மேலே பார்க்கிறார்கள். மெத்தச் சரி.

சத்தமில்லாத வீடு ஒரு பாதி, கட்டுப்படியாகும் வாடகை என்பதுதான் கடினமான மறுபாதி. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளும் பிறகு கொரோனாவும் வந்த காலத்தில் சுற்றுலாப் பயணிகளுக்காகக் கட்டிய அறைகள் வெறுமையாகக் கிடந்தன. பலர் அவற்றை மாத வாடகைக்குக் கொடுத்தார்கள், அந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் வீடு பிடித்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். பயணிகள் திரும்பி வந்தார்கள், 2018இன் 23 லட்சம் வருகையை 2025 தாண்டிவிட்டது. மாதம் முழுவதும் நீங்கள் கொடுக்கும் பணம் பெரஹெரக் காலத்தில் சில இரவுகளில் வந்துவிடும் என்றால், வீட்டுக்காரர் உங்களுக்கு ஏன் கொடுக்க வேண்டும்? அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் 2026 ஜனவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமே 30,000 ரூபாய் என்பதையும், ஆறு மாதம், ஒரு வருடம் என்று அட்வான்ஸ் கேட்கப்படுவதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தொடக்கச் சம்பளக்காரருக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

கரண்ட் பில் தனிக் கதை. அனெக்ஸுக்கும் மேல் வீட்டுக்கும் ஒரே மீற்றர் என்றால், இரண்டு குடும்பத்தின் யூனிட்டும் ஒன்றாகக் கூடும். வீட்டுப் பாவனைக்கு 60, 90, 120, 180 யூனிட் என்று படிப்படியாக விலை ஏறும் முறை இங்கே. தனித்தனியாக இருந்தால் கீழ்ப்படியில் நிற்கும் இரண்டு வீடும் சேர்ந்து மேல்படிக்கு ஏறிவிடும். பகல் முழுக்கக் கணினியும் மின்விசிறியும் ஓடுகிற கீழ்வீட்டுப் பிள்ளையின் மேல்தான் பழி விழும். 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் ஏறிய பிறகு இந்தச் சண்டையில் முறிந்த வீட்டுக்காரர் உறவுகள் பல.

இதைவிட விசித்திரமானது நம்பிக்கையின் பிரச்சினை. அம்பிட்டியவில் ஒரு வீட்டம்மா, பெரிய மனது உள்ளவர்தான், தெரிந்த ஒரு பெண்ணுக்காக நான் பேசப் போனபோது கேட்டார்: "பிள்ளை நாள் முழுக்க வீட்டிலதான் இருக்கிறாவாம், அப்ப வேலை இல்லையா?" இருக்கிறது ஆன்டி, வீட்டில்தான் வேலை என்றேன். "அப்ப யார் சம்பளம் குடுக்கிறது?" சிட்னியில் ஒரு கம்பனி என்றதும் அவர் முகத்தில் சந்தேகம் இன்னும் கூடியது. அன்று போர்டிங்குக்குப் பாடசாலையின் பெயர் போதும். இன்று வங்கிக் கணக்குப் பிரதியைக் காட்டினாலும் அந்தப் பெயரின் இடத்தை அது நிரப்புவதில்லை.

எழுத்தில் எதுவும் இல்லாமல் குடியேறுவது அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அன்று அதைக் கோவிலும் ஊரும் தாங்கிப் பிடித்தன. இணையத்தில் படம் பார்த்து, வட்ஸ்அப்பில் பேசி, முன்பின் தெரியாதவரின் வீட்டுக்குப் போகிற இன்றைய நிலையில் அது தாங்காது. 1840இன் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் உண்டு: ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னால் எழுதப்பட வேண்டும். சாதாரணத் தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டு வைப்பது சட்டத்தின் கண்ணில் குத்தகை ஆகாது. 2023இல் வந்த சட்டம், நொத்தாரிசு உறுதி எழுதிய குத்தகை முடிந்ததும் வீட்டைத் திரும்பப் பெற வீட்டுக்காரருக்கு விரைவான வழி தந்திருக்கிறது. அந்தப் பழைய பயத்துக்கு இனி பெரிய நியாயம் இல்லை.

ஆகவே வீடு தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் வீடு பார்க்காதீர்கள். வேலைநாள் ஒன்றில் முற்பகல் பத்து மணிக்குப் போய், வேலை மேசை வைக்கப் போகிற மூலையில் நின்று ஓர் அழைப்பு எடுத்துப் பேசுங்கள். தனி மீற்றர் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் சப் மீற்றர் போடச் சொல்லுங்கள். பின்பக்கச் சரிவைப் பற்றி வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்காமல் கிராம சேவகரிடமும் (ஜீ.எஸ்.) கேளுங்கள், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைகள் எந்தப் பகுதிக்கு வந்தன என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். நொத்தாரிசுக்குக் கொடுக்கும் காசைச் சேமிக்கப் பார்க்காதீர்கள்.

வீடு வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பகலில் வீட்டில் இருக்கிற வாடகைக்காரர் சம்பளம் இல்லாதவர் அல்ல. அவரிடம் ஒரு வருட அட்வான்ஸ் கேட்காதீர்கள். 1972 சட்டம் தனக்கு உட்பட்ட வீடுகளுக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்குவதைத் தடை செய்திருக்கிறது. உட்படாத வீடுகளுக்கும் அந்த அளவே போதும்.